டாலரைத் தள்ளிவிட்டு வியாபாரம் செய்தால் மிச்சத்தை எங்கே வைப்பது?

கேள்வி, 5 அக்டோபர் 2025

"இந்தியா ரஷ்ய எண்ணெயை டாலர் இல்லாமல் வாங்குகிறது. சவூதி ஐம்பது வருட டாலர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. தங்கம் ஏறிக்கொண்டே போகிறது. மத்திய வங்கிகளின் கையிருப்பில் டாலர் பங்கு 56 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இன்னும் பத்து வருடத்தில் டாலர் கதை முடியும் என்கிறேன். மறுக்கிறவர்கள் காரணத்தோடு வரவும்."

5 அக்டோபர், இரவு

முதலில் அந்த 56. பன்னாட்டு நாணய நிதியம் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் கணக்கு அது. 2025 மார்ச் கடைசியில் 57.8, ஜூன் கடைசியில் 56.3. "எல்லோரும் விற்றுத் தள்ளுகிறார்கள்" என்று தலைப்புப் போட்டார்கள். யாரும் பெரிதாக விற்கவில்லை. அந்தக் கையிருப்பில் யூரோ, பவுண்டு, யென் எல்லாம் உண்டு. கூட்டிப் பார்ப்பது மட்டும் டாலரில். 2025 முதல் பாதியில் டாலர் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியது. வாங்காமல் விற்காமல் சும்மா இருந்தாலே யூரோவின் பங்கு பெருத்துத் தெரியும். மாற்று விகிதத்தின் பாதிப்பை நீக்கினால் 57.7 என்று நிதியமே சொல்கிறது.

நீண்ட காலச் சரிவு உண்மைதான், மறுக்கவில்லை. 2000-ல் 71 சதவீதம் இருந்தது. ஆனால் இழந்த இடம் போனது எங்கே? சீன யுவானுக்கு இரண்டு சொச்சம்தான் கிடைத்திருக்கிறது. யூரோ 20-ஐ ஒட்டியே நிற்கிறது. மீதி ஆஸ்திரேலிய டாலர், கனடா டாலர், கொரிய வோன் என்று சிதறிவிட்டது. அதாவது அமெரிக்காவின் கூட்டாளிகளுக்கே.

இன்னொன்று. "டாலர் ஆதிக்கம்" என்று ஒரே மூச்சில் சொல்வதில் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன: விலை சொல்வது, பணம் கட்டுவது, மிஞ்சியதை வைத்துக்கொள்வது. முதல் இரண்டையும் நாளைக்கே மாற்றலாம். மூன்றாவதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

6 அக்டோபர்

"ஸ்விஃப்டிலிருந்து விலகினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஸ்விஃப்ட் பணம் அனுப்புவதில்லை, வங்கிகளுக்கிடையே தகவல் அனுப்புகிறது. அதன் தலைமையகமும் அமெரிக்காவில் இல்லை, பெல்ஜியத்தில். பணம் நகர்வது வேறு இடத்தில்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஜெர்மனிக்கு 40,000 டாலருக்குச் சரக்கு அனுப்புகிறது என்று வையுங்கள். அமெரிக்காவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. வாங்கியவர் தன் வங்கியிடம் பணம் கட்டச் சொல்கிறார். அந்த ஜெர்மன் வங்கி நியூயார்க்கில் ஒரு வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கிறது. திருப்பூர்க்காரரின் வங்கியும் நியூயார்க்கில் இன்னொரு வங்கியில் கணக்கு வைத்திருக்கிறது. இதற்கு நாஸ்ட்ரோ என்று பெயர். முதல் கணக்கில் பற்று, இரண்டாவதில் வரவு. நடுவில் சிப்ஸ் அல்லது ஃபெட்வயர் என்ற தீர்வு அமைப்பு. இரண்டு பேருக்கும் நியூயார்க்கில் ஒரே வங்கி என்றால் அதுவும் வேண்டாம், ஒரே பேரேட்டில் இரண்டு வரி எழுதினால் முடிந்தது. டாலர் நியூயார்க்கை விட்டு வெளியே வருவதே இல்லை. யாருடையது என்பதுதான் மாறுகிறது.

பிறகு நம் வங்கி அதை ரூபாயாக்கி, பி0102 என்ற நோக்கக் குறியீட்டோடு பதிந்து, ஷிப்பிங் பில்லோடு (சுங்கத்தில் பதிந்த ஏற்றுமதி ஆவணம்) பொருத்துகிறது. வழக்கமாக நடக்கும் சிக்கல்: கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் அனுப்பியிருந்தால் இடையில் இருக்கும் வங்கி தன் பங்கை உருவிக்கொள்ளும். 40,000 என்பது 39,975 ஆக வரும். 25 டாலர் போனது பெரிதில்லை. ஷிப்பிங் பில் முழுசாக மூடாமல் நிற்கும், அதைத் தீர்க்க வங்கிக்கு நடக்க வேண்டும். பெரிய சிக்கல் வேறு. அனுப்புபவர், பெறுபவர், கப்பல், துறைமுகம் இவற்றில் ஒரு பெயர் அமெரிக்கத் தடைப் பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்துப்போனாலும் நியூயார்க் வங்கியின் கணினி நிறுத்திவிடும். பிறகு பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணம்) கேட்பார்கள், கப்பலின் பதிவு எண் கேட்பார்கள், நாட்கள் ஓடும்.

அமெரிக்காவின் கைப்பிடி இதுதான். பிஎன்பி பாரிபா பிரெஞ்சு வங்கி. சூடான், ஈரான், கியூபா பணப் பரிமாற்றங்களை நியூயார்க் வழியாக நடத்தியதற்காக 2014-ல் கிட்டத்தட்ட 900 கோடி டாலர் தண்டம் கட்டியது.

6 அக்டோபர், கொஞ்சம் கழித்து

அப்படியானால் ஏன் நேரடியாக யூரோ-ரூபாய் வைத்துக்கொள்ளக் கூடாது? வைத்துக்கொள்ளலாம், பலர் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வங்கி யூரோவுக்கு விலை சொல்வது எப்படி என்று பாருங்கள். ஒரு யூரோ 1.16 டாலர், ஒரு டாலர் 88.50 ரூபாய் என்றால், இரண்டையும் பெருக்கி 102.66. நடுவில் டாலர் உட்கார்ந்திருக்கிறது, உங்கள் பில்லில் மட்டும் தெரியாது. உலகச் செலாவணிச் சந்தையில் ஒரு நாளைக்கு 9.6 லட்சம் கோடி டாலர் புரள்கிறது. அதில் 89 சதவீதப் பரிவர்த்தனைகளில் ஒரு பக்கம் டாலர். 2025 ஏப்ரலில் எடுத்த கணக்கு. யுவான் 8.5 சதவீதம், வேகமாக வளர்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். (இரண்டு பக்கமும் எண்ணுவதால் மொத்தம் 200 சதவீதம். கூட்டிப் பார்த்துவிட்டு சண்டைக்கு வராதீர்கள்.)

7 அக்டோபர்

சவூதி ஒப்பந்தம்: 2024 ஜூனில் வாட்ஸப்பில் சுற்றிய சரக்கு. "எண்ணெயை டாலரில் மட்டுமே விற்க வேண்டும், ஐம்பது வருடக் கெடு" என்று கையெழுத்தான ஒப்பந்தம் எதுவும் கிடையாது. 1974 ஜூனில் ஏற்பட்டது பொருளாதார ஒத்துழைப்புக்கான கூட்டு ஆணையம். அதே காலத்தில் சவூதி தன் உபரியை அமெரிக்கக் கடன் பத்திரங்களில் போடுவதற்கு ஒரு ரகசிய ஏற்பாடு இருந்தது, அது 2016-ல் வெளியே வந்தது. எண்ணெயை எதில் விற்றார்கள் என்பதைவிட, விற்ற காசை எங்கே போட்டார்கள் என்பதுதான் அங்கேயும் விஷயம்.

9 அக்டோபர்

ரஷ்ய எண்ணெய். இதை விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் டாலர் இல்லாமல் செய்து பார்த்த பெரிய பரிசோதனை இதுதான்.

2022 ஜூலை 11 அன்று ரிசர்வ் வங்கி சிறப்பு ரூபாய் வாஸ்ட்ரோ கணக்குக்கு வழி திறந்தது. ரஷ்ய வங்கி இந்திய வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்துக்கொள்ளும். நாம் வாங்குவதற்கான ரூபாய் அதில் வரவாகும். நம்மிடம் வாங்கும் பொருளுக்கு அதிலிருந்தே பற்று. காகிதத்தில் அழகு. இப்போது 2024-25 எண்களைப் பாருங்கள்: ரஷ்யாவிலிருந்து இறக்குமதி சுமார் 6,400 கோடி டாலர், ஏற்றுமதி 500 கோடிக்கும் கீழ். பத்துக்கு ஒன்று கூட இல்லை. முழுக்க ரூபாயில் கட்டினால் வருடத்துக்கு ஐந்து லட்சம் கோடி ரூபாய் அந்தக் கணக்கில் தேங்கும். அதை வைத்து ரஷ்யா என்ன செய்யும்? முழுசாக வெளியே மாற்ற முடியாது, மூன்றாவது நாட்டுக்குக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் இதையேதான் சொன்னார்: இந்திய வங்கிகளில் எங்கள் ரூபாய் கோடிகோடியாகக் கிடக்கிறது, பயன்படுத்த வழியில்லை.

பிறகு கணிசமான பகுதி அமீரக திர்ஹாமுக்குப் போனது. திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைத்த நாணயம். டாலர் என்ற பெயரை எடுத்துவிட்டு டாலரின் மதிப்பை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நியூயார்க் கணினியிலிருந்து தப்பியது லாபம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

ரிசர்வ் வங்கிக்கு இந்தச் சிக்கல் புரிந்துதான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வாஸ்ட்ரோ உபரி முழுவதையும் மத்திய அரசுக் கடன் பத்திரங்களில் போடலாம் என்றது. அக்டோபர் 1-ல் கம்பெனிக் கடன் பத்திரங்களையும் சேர்த்தது. இலங்கை, நேபாளம், பூடான் ஆட்களுக்கு வணிகத்துக்காக ரூபாய்க் கடன் கொடுக்கவும் அனுமதித்தது. மூன்றாவது வேலைக்கு இப்போதுதான் செங்கல் அடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

10 அக்டோபர்

மேலே ரஷ்யா மாட்டிய அதே இடத்தில் ஒரு காலத்தில் இந்தியா மாட்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இந்தியாவிடம் துணி, தானியம், சிப்பாய் எல்லாம் வாங்கியது. விலையை லண்டனில் ரிசர்வ் வங்கியின் பேரில் பவுண்டாக வரவு வைத்தது. அந்தப் பவுண்டை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் அச்சடிக்கப்பட்டது, விலைவாசி ஏறியது. போர் முடிந்தபோது வரவு சுமார் 130 கோடி பவுண்டு. உலகில் பெரிதாகக் கடன்பட்டவன் பிரிட்டன், பெரிதாகக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர் இந்தியா, அதுவும் அடிமை நாடாக இருந்துகொண்டே.

எடுக்கப் போனால்? 1947 ஆகஸ்டில் கணக்கை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றாம் எண் கணக்கில் கொஞ்சம், அதைச் செலவழிக்கலாம். இரண்டாம் எண் கணக்கில் பெரும்பகுதி, அது பூட்டு. அடுத்த வருடம் பிரிட்டிஷார் விட்டுச்சென்ற ராணுவச் சாமான்களுக்கு 10 கோடி பவுண்டு கழித்துக்கொண்டார்கள், ஊர் திரும்பிய அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கு இன்னொரு பெரும் தொகை. 1949 செப்டம்பரில் பவுண்டை 4.03 டாலரிலிருந்து 2.80-க்கு இறக்கினார்கள். ரூபாயும் கூடவே இறங்கியது, டாலருக்கு 3.30 ரூபாய் என்பது 4.76 ஆனது. அமெரிக்காவில் இயந்திரம் வாங்க நினைத்தவனுக்கு மிச்சம் வைத்திருந்ததில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் காணாமல் போனது.

பவுண்டு விழுந்த கதையை "அமெரிக்கா எழுந்தது" என்று ஒற்றை வரியில் முடிப்பார்கள். வைத்திருந்தவனுக்குச் செலவழிக்கவும் முடியாமல், மதிப்பும் நிற்காமல் போனது என்பதே பாதிக் கதை.

11 அக்டோபர்

நேற்றையதற்கு ஒரு வால். ரூபாயும் ஒருகாலத்தில் வெளிநாட்டு நாணயம். குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய அமீரகம் எல்லாவற்றிலும் நம் ரூபாய்தான் புழங்கியது. இங்கிருந்து ரூபாய் நோட்டைக் கடத்திப் போய் அங்கே தங்கம் வாங்கி இங்கே கடத்துவது பெரிய தொழிலானது. அந்த நோட்டுகள் வளைகுடா வங்கிகள் வழியே ரிசர்வ் வங்கிக்குத் திரும்பி வந்து பவுண்டு கேட்டன. அதை நிறுத்த 1959-ல் வளைகுடாவுக்கென்று தனி நிறத்தில், இசட் எழுத்தோடு தனி நோட்டு அடித்தார்கள். குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் சொந்த தினாருக்குப் போயின. 1966 ஜூன் 6 அன்று ரூபாயை 4.76-லிருந்து 7.50-க்கு இறக்கியதும் மற்றவர்களும் கழன்றுகொண்டார்கள்.

அவற்றில் ஒன்றான அமீரகத்தின் திர்ஹாமில்தான் பிற்பாடு நாம் ரஷ்ய எண்ணெய்க்குக் காசு கட்டினோம்!

13 அக்டோபர்

பிரிக்ஸ் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா முதலிய நாடுகளின் கூட்டமைப்பு) நோட்டு படத்தை மறுபடி யாரோ அனுப்பியிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் கஸானில் புடின் கையில் இருந்தது நினைவுப் பொருள். அதை வைத்து டீ கூட வாங்க முடியாது. பொது நாணயம் என்றால் ஒரே வட்டி விகிதத்தை இந்தியாவும் சீனாவும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். லடாக்கில் எல்லைக் கோட்டையே தீர்மானிக்க முடியவில்லை.

16 அக்டோபர்

"சீனாவோடு ஸ்வாப் ஒப்பந்தம் போட்டால் டாலர் தேவையில்லை" என்பவர்களுக்கு இலங்கை. (ஸ்வாப் என்றால் இரண்டு மத்திய வங்கிகள் தங்கள் நாணயங்களைக் குறித்த காலத்துக்கு மாற்றிக்கொள்வது.)

2021 மார்ச்சில் இலங்கை மத்திய வங்கி சீன மக்கள் வங்கியோடு 1,000 கோடி யுவான் ஸ்வாப் போட்டது, சுமார் 150 கோடி டாலர் பெறுமதி. நவம்பர் கடைசியில் கையிருப்பு 160 கோடி டாலராக இருந்தது, டிசம்பர் கடைசியில் 310 கோடி என்று காட்டினார்கள். ஏறியதில் பெரும்பகுதி இந்த யுவான். ஆனால் அதைத் தொட ஒரு நிபந்தனை: மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருக்க வேண்டும். அவ்வளவு இருந்திருந்தால் அதைத் தொடவே தேவைப்பட்டிருக்காது. கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய நகை போல, கழுத்தில் தெரியும், அடகு வைக்க முடியாது.

2022 ஏப்ரல் 12-ல் வெளிக்கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மே மாதம் 7.8 கோடி டாலர் வட்டித் தவணைக்கான சலுகைக் காலமும் முடிந்து, நாடு அதிகாரபூர்வமாகக் கடன் தவறியது. எண்ணெய்க் கப்பல்கள் கொழும்புக்கு வெளியே காசுக்காகக் காத்து நின்றன. அந்த நேரத்தில் கேட்டது எல்லாமே டாலர்: பத்திரக்காரர்களின் பத்திரம் நியூயார்க் சட்டத்தின் கீழ், எண்ணெய் வியாபாரிக்கு டாலர், மருந்துக்கும் டாலர். இந்தியா கொடுத்ததில் 40 கோடி டாலர் ஸ்வாப், 50 கோடி எரிபொருள் கடன், 100 கோடி அத்தியாவசியப் பொருள் கடன் இருந்தன. ஆசிய நாடுகளின் மத்திய வங்கிகள் வணிகக் கணக்கைத் தீர்க்கும் ஆசியத் தீர்வு ஒன்றியத்தில் இலங்கை கட்ட வேண்டியதையும் தள்ளிப்போட்டது. மூச்சு விட உதவியது, ஆனால் அந்தப் பொருள் கடன் வாங்கித் தந்தது அதில் குறித்த பொருளை மட்டும்தான்.

கையிருப்பு எண்ணை யார் காட்டினாலும் கேட்க வேண்டியது: இன்றைக்கே எடுக்கலாமா, யாருடைய அனுமதி வேண்டும், எடுத்தால் எவன் வாங்குவான்.

17 அக்டோபர்

இதற்கு நேர் எதிர் பக்கமும் உண்டு. நெருக்கடி நள்ளிரவில் டாலரை உருவாக்கித் தருவது யார்? அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ். ஐரோப்பிய மத்திய வங்கி, ஜப்பான், இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, கனடா ஆகிய ஐந்துக்கும் நிரந்தர ஸ்வாப் வசதி. இயக்கம் எளிது. அவர்கள் யூரோவைக் கொடுத்து அன்றைய விலையில் டாலர் எடுப்பார்கள். குறித்த நாளில் அதே விலையில் திருப்புவார்கள். விலை ஏறி இறங்கினாலும் ஃபெட்டுக்கு நட்டமில்லை. ஐரோப்பிய வங்கி எதாவது திவாலானால் அது ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவலி. 2008 டிசம்பரில் இப்படி வெளியே இருந்தது சுமார் 58,000 கோடி டாலர். 2020 மார்ச்சில் இன்னும் ஒன்பது நாடுகளுக்குத் தற்காலிகமாகத் திறந்தார்கள்: கொரியா, சிங்கப்பூர், பிரேசில், மெக்சிகோ முதலியவை. இந்தியா பட்டியலில் இல்லை. நாம் 70,000 கோடி டாலர் அளவுக்குச் சொந்தமாகக் குவித்து வைத்திருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

22 அக்டோபர்

தங்கம் 4,000 டாலரைத் தாண்டியதை வைத்து இரண்டு பேர் என்னைப் பரிகாசம் செய்திருக்கிறார்கள். சரி, 2022 பிப்ரவரிக்குப் போவோம். ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் முடக்கப்பட்டது. பலர் மறப்பது: ரஷ்யா 2018-லேயே அமெரிக்கப் பத்திரங்களைப் பெரும்பாலும் விற்றுவிட்டது. முடங்கியதில் பெரும்பங்கு ஐரோப்பாவில், பத்திரங்களைக் காத்துவைக்கும் பெல்ஜிய நிறுவனமான யூரோகிளியரில் கிடக்கிறது. டாலரை விட்டு யூரோவுக்கு ஓடியவனை யூரோவே பிடித்தது. அதனால்தான் பயந்தவர்கள் இன்னொரு நாணயத்துக்குப் போகாமல் தங்கத்துக்குப் போனார்கள். 2022, 2023, 2024 மூன்று வருடமும் மத்திய வங்கிகள் வருடத்துக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. ரிசர்வ் வங்கி 2024-ல் இங்கிலாந்திலிருந்து தங்கத்தைத் தன் பெட்டகத்துக்கே கொண்டுவந்தது. 1991-ல் 47 டன்னை அடகு வைக்க அனுப்பிய நாடு, இது புரியக்கூடிய எச்சரிக்கை.

ஆனால் தங்கத்துக்கு வட்டி இல்லை, கப்பலுக்குக் கட்ட முடியாது, அவசரத்தில் முதலில் அதை டாலராக்க வேண்டும். சேமிப்புக்கு நல்லது, புழக்கத்துக்கு ஆகாது.

2 நவம்பர்

என் பக்கத்து வாதத்திலேயே எனக்குச் சந்தேகம் உள்ள இடம் இது. "மிச்சத்தை வைக்க வேறு இடமில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இடம் இருக்கிறது என்பதும், அந்த இடம் நன்றாக இருக்கிறது என்பதும் வேறு.

வழக்கம் என்ன? உலகத்தில் எங்கே இடி விழுந்தாலும் பணம் அமெரிக்கப் பத்திரத்துக்கு ஓடும். டாலர் ஏறும், பத்திர வட்டி இறங்கும். 2008-ல் இடி விழுந்ததே அமெரிக்காவில், அப்போதும் இதுதான் நடந்தது. 2025 ஏப்ரலில் டிரம்ப் வரிகளை அறிவித்தபின் பங்குச் சந்தை விழுந்தது, டாலரும் விழுந்தது, பத்து வருடப் பத்திரத்தின் வட்டி ஒரே வாரத்தில் 4 சதவீதத்தை ஒட்டிய இடத்திலிருந்து 4.5 வரை ஏறியது. மூன்றும் சேர்ந்து. வளரும் நாடுகளில் பார்த்துப் பழகிய காட்சி அது. மே மாதம் கடன் தரம் பார்க்கும் நிறுவனமான மூடிஸும் அமெரிக்காவின் முதல்தரத் தகுதியைப் பறித்தது. எஸ் அண்ட் பி 2011-லும் ஃபிட்ச் 2023-லும் ஏற்கெனவே பறித்தவை. அமெரிக்க அரசின் கடன் 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடி டாலரைத் தொட்டது.

பொருளாதார அறிஞர் ட்ரிஃபின் 1960-ல் சொன்னது வேறு காரணத்துக்கு, ஆனால் பொருந்துகிறது: உலகத்துக்கு டாலர் வேண்டுமென்றால் அமெரிக்கா கடன்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கடன் ஏற ஏற அந்த டாலர்மேல் நம்பிக்கை குறையும். அப்போது தங்கம் 35 டாலர் என்ற வாக்குறுதி உடைந்தது, 1971 ஆகஸ்ட் 15. இப்போது உடைய அப்படி ஒரு வாக்குறுதி கூட இல்லை, அதனால் ஒரே நாளில் எதுவும் நடக்காது என்றே நினைக்கிறேன். கையிருப்பில் டாலரின் பங்கு 58, 56, 53 என்று தேயும். வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அதிக வட்டி கேட்பார்கள். சீனா தன் மூலதனக் கதவைத் திறந்தால் கணக்கு மாறும். ஒரு சீனக் குடிமகன் வருடத்துக்கு 50,000 டாலருக்கு மேல் தன் விருப்பத்துக்கு வாங்க முடியாது. அந்தக் கதவைத் திறக்காமல் யுவானில் எவனும் பெரிய மிச்சம் வைக்க மாட்டான்.

3 நவம்பர்

ஸ்டேபிள்காயின் (டாலர் போன்ற ஒன்றோடு மதிப்பைக் கட்டிவைத்த கிரிப்டோ நாணயம்) பற்றி மூன்று கேள்விகள். ஒரே பதில்: 2025 ஜூலையில் அமெரிக்கா இயற்றிய ஜீனியஸ் சட்டப்படி, நாணயம் வெளியிடுபவர் ஈடாக ரொக்கம், குறுகிய கால அமெரிக்கப் பத்திரம் போன்றவற்றை வைத்திருக்க வேண்டும். டாலரை ஒழிக்க வந்த கிரிப்டோ கடைசியில் டாலர் பத்திரத்துக்கு ஏஜெண்டாகிவிட்டது.

16 நவம்பர்

ஏற்றுமதியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: இதெல்லாம் இருக்கட்டும், ஜெர்மன் வாடிக்கையாளருக்கு டாலரில் பில் போடவா யூரோவிலா?

செலவு எதில் என்று முதலில் பாருங்கள். நூல், சாயம், கூலி எல்லாம் ரூபாய் என்றால் இரண்டும் உங்களுக்கு ஒன்றுதான், ஃபார்வர்டு விலையை (பின்னால் வரும் பணத்துக்கு இன்றே பேசி வைக்கும் விலை) மட்டும் ஒப்பிடுங்கள். 2025 நவம்பர் நடுவில் மத்திய வங்கி வட்டிகள் இப்படி இருந்தன: ரிசர்வ் வங்கியின் ரெப்போ 5.5, ஃபெட் 4-ஐ ஒட்டி, ஐரோப்பா 2. வட்டி வித்தியாசம் யூரோவில் அதிகம், ஆகவே யூரோவை முன்கூட்டி விற்றால் வருடத்துக்குக் கிடைக்கும் பிரீமியமும் டாலரைவிட ஒன்றரை, இரண்டு சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் வங்கி யூரோவுக்கு வைக்கும் மார்ஜினும் அகலம். இரண்டு வங்கியில் ஒரே நிமிடத்தில் விலை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பலர் அடிவாங்கும் இடம்: வட்டி குறைவு என்று பேக்கிங் கிரெடிட்டை (சரக்கு அனுப்பும் முன் வங்கி தரும் கடன்) டாலரில் எடுத்துவிட்டு பில்லை யூரோவில் போடுவது. வரவு யூரோ, அடைக்க வேண்டியது டாலர். நடுவில் யூரோ மூன்று சதவீதம் சரிந்தால் வட்டியில் மிச்சம் பிடித்தது போய், லாபமும் போகும். பில் எதிலோ கடனும் அதிலேயே எடுங்கள்.